கண்ண மூட பயப்படுற புள்ளைக

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றுல தரம் 4 படிப்பிக்கிறேன். காலையில கண்ண மூடி மூச்ச கவனிக்க வச்சா புள்ளைக அமைதியாகும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. ஆனா சில புள்ளைக பயப்படுறாங்க, ஒருத்தி அழுதுட்டா. தொடரவா?

பதில்: தொடருங்க டீச்சர், ஆனா கண்ண மூடச் சொல்லி கட்டாயப்படுத்தவே வேணாம். அம்மா வெளிநாட்டுல, ராத்திரி லய வீட்டுல குடிச்சிட்டு சண்டைன்னு இருக்கிற புள்ளைக்கு கண்ண மூடுனா அதுதானே ஞாபகத்துக்கு வரும், அதனால கண்ண தெறந்துகிட்டே தகரத்துல விழுற மழை சத்தத்த கொஞ்ச நேரம் கேக்கச் சொல்லுங்க, போதும். மூச்ச கவனிக்கிற இந்த மாதிரி பயிற்சிய, அதாவது மைன்ட்ஃபுல்னஸ, 1979ல ஜான் கபாட்-சின் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றுல ஒரு திட்டமா தொடங்குனதே தீராத வலியுள்ள நோயாளிகளுக்காகத்தான். பாடசாலையில இத படிப்பிக்கிறதப் பத்தி 2022ல வந்த மிரியட்ங்கிற பிரிட்டன் ஆய்வுல 8,000க்கு மேல மாணவர்கள பாத்தாங்க, வழக்கமான பாடத்த விட கூடுதல் பலன் தெரியல.

எனக்கு பெருசா படுறது மத்த பக்கம், அதாவது உணர்ச்சிய பேர் சொல்ல, சண்டைய பேசித் தீர்க்க பழக்குறது. 2011ல இப்பிடி பழக்குற 213 பாடசாலைத் திட்டங்கள சேத்துப் பாத்த ஆய்வுல புள்ளைகளோட நடத்தையோட படிப்பும் கூடியிருந்திச்சி. பென்சிலுக்கு அடிச்சுக்கிட்டா "ஏன்டா அடிச்ச"ன்னு கேக்காம "அப்ப ஒனக்கு எப்பிடி இருந்திச்சி"ன்னு கேளுங்க, "கோவம் இல்ல டீச்சர், வெக்கம்"னு ஒரு புள்ள சொல்லிட்டா அன்னிக்கு பாடம் நடந்துருச்சி. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை அவசரத்துல இத விட்டுடாதீங்க.

அழுத புள்ளகிட்ட தனியா பேசுங்க. வீட்டுல ஆபத்துன்னு தெரிஞ்சா சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு கோல் பண்ணுங்க.