மாடுலர் சுவிட்ச் வாங்குமுன்

கேள்வி: சிங்கப்பூரின் உபி தொழிற்பேட்டையில் இரண்டு தளங்களில் இயங்கும் எங்கள் நிறுவனத்தில் கணினி, தொலைபேசி, கண்காணிப்புக் கேமரா, வைஃபை கருவி எல்லாம் சேர்த்து 110 இணைப்புகள் உள்ளன. இவற்றை வலையமைப்பில் ஒன்றிணைக்கும் பழைய சுவிட்சுகளை மாற்றவிருக்கிறோம். ஏழு ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) கொண்ட மாடுலர் சுவிட்சை வாங்கும்படி விற்பனையாளர் வற்புறுத்துகிறார். அது அவசியந்தானா?
– வாசகர், காக்கி புக்கிட்

பதில்: உங்கள் அலுவலகத்துக்கு அவசியமில்லை. மாடுலர் சுவிட்சை வாங்கும்போது முதலில் கிடைப்பது சேசிஸ் எனப்படும் வெற்றுக் கூடுதான். சுவிட்சை இயக்கும் சூப்பர்வைசர் கார்டு, கேபிள்களைச் செருகும் லைன் கார்டு, பவர் சப்ளை ஆகியவற்றைத் தேவைக்கேற்பத் தனித்தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9407ஆர் வகையில் ஏழு ஸ்லாட்டுகளில் இரண்டு சூப்பர்வைசருக்கு உரியவை. எஞ்சிய ஐந்தில் 48 போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட கார்டுகளைச் செருகினால் 240 இணைப்புகள் கிடைக்கும். உங்கள் 110 இணைப்புகள் மூன்று கார்டுகளில் அடங்கிவிடும்.

அதைவிட, தளத்துக்கு இரண்டு வீதம் 48 போர்ட் சுவிட்சுகளை வைத்து, அந்தந்தத் தளத்து இரண்டையும் ஸ்டாக்கிங் கேபிளால் ஒன்றாக்கி, தளங்களுக்கிடையே ஃபைபர் இழுத்தால் போதும். ஒரு சுவிட்ச் பழுதானால் அதில் இணைந்தவர்கள் மட்டுமே பாதிக்கப்படுவார்கள். சேசிஸை ஒரு தளத்தில் வைத்தாலோ, மற்றத் தளத்தின் செப்புக் கேபிள்கள் அனைத்தும் 100 மீட்டருக்குள் அங்கே வந்து சேர வேண்டும்.

விற்பனையாளர் நம்பகத்தன்மையைக் காரணம் காட்டியிருப்பார். அதில் உண்மை உண்டு: இரண்டு சூப்பர்வைசர்கள் இருந்தால், ஒன்று செயலிழந்ததும் காத்திருக்கும் மற்றொன்று உடனே பொறுப்பேற்றுக்கொள்ளும். ஆனால் அவர் தந்த விலைப்பட்டியலில் எத்தனை சூப்பர்வைசர் என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால், அது பழுதாகும் நாளில் 110 இணைப்புகளும் ஒருசேர நின்றுபோகும். சேசிஸுக்கு அத்தனை வெள்ளியைக் கொடுத்துவிட்டு இரண்டாவது சூப்பர்வைசரில் சிக்கனம் பார்ப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போலத்தான்.

விலைப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத செலவு மின்சாரத்துக்கானது. இத்தகைய சேசிஸ்களுக்குரிய 3,200 வாட் பவர் சப்ளையை நம் அலுவலகச் சுவர்களில் உள்ள மூன்று முனைப் பிளக்கில் செருகி முழு அளவில் இயக்க முடியாது. 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் என்றால் 2,990 வாட்தான். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு 16 ஆம்பியர் இணைப்பைத் தனியே அமைக்க வேண்டியிருக்கும், அதுவும் ஒவ்வொரு பவர் சப்ளைக்கும் ஒன்றாக.

ஒரே தளத்தில் 200க்கும் மேற்பட்ட இணைப்புகள் ஒரே அறைக்கு வந்து சேரும் இடத்திலோ, நொடிநேரமும் நிற்கக்கூடாத மருத்துவமனையிலோ, பெரிய கட்டடத்தின் மைய வலையமைப்பிலோ என்றால் நானே மாடுலரைத்தான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: மின்சாரத்தை நிறுத்தாமல் லைன் கார்டைக் கழற்றலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் கழற்றலாம், பெரும்பாலான மாடுலர் சுவிட்சுகள் அதற்கேற்பவே வடிவமைக்கப்பட்டவை. நிலைமின் தடுப்புப் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கேபிளிலும் போர்ட் எண்ணை எழுதி ஒட்டிய பிறகே கை வையுங்கள். மாற்றுக் கார்டு வரத் தாமதமானால் அந்த ஸ்லாட்டைத் திறந்தே விடாதீர்கள். வெற்று மூடித் தகட்டைப் பொருத்தாவிட்டால் விசிறியின் காற்று அந்த வழியே வீணாகி, மற்றக் கார்டுகள் சூடேறிவிடும்.