உணவகத்தில் பேசும் ஆங்கிலத்தை எப்படிக் கற்றுத்தருவது?

கும்பகோணத்தில் மாலை வகுப்பு நடத்தும் நீங்கள், உணவக ஆங்கிலத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். உணவுப் பெயர்ப் பட்டியல் பிறகு வரட்டும். கேட்கும் முறைதான் முதலில். 'ஒரு டிகிரி காபி கொடுங்கள்' என்பதில் விகுதியே மரியாதையைச் சுமக்கிறது. ஆங்கில ஏவலுக்கு அந்த வசதி இல்லை. 'கிவ் மீ எ காபி' அதட்டலாகவே ஒலிக்கும். 'குட் ஐ ஹேவ் எ காபி, ப்ளீஸ்?' என்று கேள்வியாக்கினால் பணிவு வந்துவிடும். வாய் பழகும்வரை இதைச் சொல்லவையுங்கள்.

பிறகு உள்ளூர் ஹோட்டலின் மெனு அட்டையை வைத்து, ஒருவர் சர்வராகவும் மற்றவர் வாடிக்கையாளராகவும் நடிக்கட்டும். ரவா தோசை தீர்ந்துவிட்டதாகச் சர்வர் திடீரென்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மனப்பாடம் கைவிடும் அந்த இடத்தில்தான் மாணவர் உண்மையாகவே பேசத் தொடங்குவார். அவசரப்பட்டு உதவிக்குப் போகாதீர்கள். பணம் கட்டும்போது பிரிட்டனில் 'பில்', அமெரிக்காவில் 'செக்' என்று கேட்பார்கள்.