அப்பாவை இழந்த பிறகு கடவுள் மேல் கோபமாக இருக்கிறது. படித்தால் மனசுக்குப் பிடிமானம் தரும் தமிழ் இலக்கியம் ஏதாவது உண்டா?

போன மாதம் அப்பா போய்விட்டார் என்றும், 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லி வருகிறவர்களைக் கண்டாலே எழுந்து போய்விடத் தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில், அந்தக் கோபத்துக்காக வருத்தப்படாதீர்கள். எனக்கு அது ஒன்றரை வருஷம் இருந்தது. இப்போதும் முழுசாகப் போய்விடவில்லை.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அப்பா வாழையும் நெல்லும் போட்டவர். 2022 ஆவணியில் ஒரு ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், விடியும் முன்னே முடிந்துவிட்டது. கேதம் கேட்க வந்தவர்கள் "படுக்கையில கெடக்காம போயிட்டாருல்லா, கொடுத்து வச்ச சாவு" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு ஒவ்வொரு வருஷமும் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்த மனுஷனை, அந்த முருகனே எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அன்றைக்கு முகூர்த்த நாள். எங்கள் வாசலில் கொட்டுச் சத்தம் நிற்கிற நேரமெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து கல்யாண வீட்டு நாதஸ்வரம் மைக்செட்டில் வந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்குப் போகும்போது காதைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

கருமாதி முடிந்து சில வாரம் கழித்து, பழைய கல்லூரிப் புத்தகங்களில் புறநானூறு கையில் கிடைத்தது. 194ஆம் பாட்டு. எழுதியவர் பக்குடுக்கை நன்கணியார். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பாட்டுதான். அன்றைக்குத்தான் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஓர் இல் நெய்தல் கறங்க, ஓர் இல்
ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப

நெய்தல் என்றால் இங்கே சாப்பறை. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. கூடியவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவள் கண்ணில் நீர் சொட்டுகிறது. எங்கள் ஆற்றின் இரண்டு கரையும் அதில் இருந்தன. அடுத்த வரியில் புலவர் சொல்கிறார்: 'படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்.' இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவன் நிச்சயமாகப் பண்பு இல்லாதவன் என்கிறார்.

படைத்தவன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறான் என்று வைத்துக்கொண்டு, நேருக்கு நேர் திட்டுகிறார். நம்பிக்கையைத் தூக்கிப் போடவும் முடியாமல், அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாமல் நான் தவித்துக்கொண்டிருந்த அதே இடம் அது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அங்கே நின்று, வெட்கமே இல்லாமல் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அதைத் தொகுத்தவர்கள் தூக்கி எறியவில்லை, ஏடு எழுதியவர்கள் விட்டுவிடவில்லை, உ. வே. சாமிநாதையர் 1894இல் அச்சில் ஏற்றினார். என் கோபத்துக்கு இத்தனை பேர் துணை இருந்தார்கள் என்று தெரிந்த ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

பாட்டு அங்கே முடியவில்லை. 'இன்னாது அம்ம, இவ்வுலகம். இனிய காண்க, இதன் இயல்பு உணர்ந்தோரே' என்று முடிகிறது. மறுமைக்கு உதவும் நல்லதைத் தேடிக்கொள்ளுங்கள் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். எனக்கு அந்தக் 'காண்க' என்ற சொல்லே போதும். உலகம் கொடியதுதான், அதை மறைக்க வேண்டாம், ஆனாலும் இனியதைப் பார். கோபத்தைச் சொன்ன பிறகு வருவதால்தான் இந்த வரியை என்னால் ஏற்க முடிகிறது. முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் கேதம் கேட்க வந்தவர்களில் ஒருவராக அவரையும் நினைத்திருப்பேன்.

கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் பாட்டை உங்களுக்கு யாராவது கட்டாயம் சொல்வார்கள். 'யாதும் ஊரே' என்று முதல் வரியை மட்டும் மேடையில் முழங்குவதால் அது சாவைப் பேசும் பாட்டு என்பதே பலருக்குத் தெரியாது. 'சாதலும் புதுவது அன்றே' என்று அதில்தான் வருகிறது. மழை கொட்டி, கல்லில் மோதி இரையும் பேராற்றில் தெப்பம் போவது போல உயிர் முறைவழி போகும் என்கிறார். அப்பா போன புதிதில் இது எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப அமைதியாக இருக்கிறது, நம் வீட்டில் சாவு விழுந்தது இவருக்குத் தெரியாது என்று தோன்றியது.

2023 டிசம்பர் வெள்ளத்தில்தான் என் எண்ணம் மாறியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பிறகு தெரிந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் மச்சில் ஏறி நின்றோம். அப்பா நட்ட வாழைகள் குலையோடு சாய்ந்து எங்கள் கண் முன்னாலேயே மிதந்து போயின. ஒரு கன்றுக்குட்டியும் போனது. அது யார் வீட்டுக் கன்று என்றுகூடத் தெரியவில்லை. அவ்வளவு இரைச்சலான, மூர்க்கமான தண்ணீரைப் பார்த்தவர்தான் அந்தப் பாட்டை எழுதியிருக்கிறார் என்று அப்போது பட்டது. அதில் வரும் ஆறு அமைதியான ஆறு இல்லை. நான்தான் அவர் குரலை அமைதி என்று தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உங்களுக்கு முதல் மாதத்தில் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடவுளைப் பற்றிக் கேட்டதால் மணிமேகலையில் ஒரு இடம். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. கோதமை என்ற தாயின் பிள்ளை சார்ங்கலன் தெரியாமல் இரவில் சுடுகாட்டுக்குள் போய், பேயைக் கண்ட பயத்தில் செத்துப்போகிறான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து காவல் தெய்வம் சம்பாபதியைக் கூப்பிடுகிறாள். கண்ணில்லாத என் கணவனை இவன் பார்த்துக்கொள்வான், என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு என்கிறாள். என்னால் ஆகாது என்கிறது தெய்வம். உயிருக்கு உயிர் கொடுக்க முடியுமென்றால் அரசர்களுக்காகக் கொடுக்க ஆளா இல்லை, இந்தச் சுடுகாட்டிலேயே செத்துப்போன அரசர்களுக்கு ஆயிரம் கோட்டம் இருக்கிறதே என்று கேட்கிறது. அவள் விடவில்லை. எல்லாத் தெய்வங்களையும் அழைத்துச் சாட்சி கேட்க வேண்டியதாகிறது. எல்லாரும் அதையே சொல்கிறார்கள். பௌத்தர்கள் சொல்லும் கடுகுக் கதையிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பெயர் கோதமிதான். அவளைச் சாவே நடக்காத வீட்டில் கடுகு வாங்கி வரச் சொல்லி அனுப்புகிறார் புத்தர். நம் கோதமை வீடு வீடாகப் போகாமல் தெய்வத்தின் வாசலிலேயே நின்று வழக்காடுகிறாள். எனக்கு இவளைத்தான் பிடிக்கிறது. தெய்வம் பொய் ஆறுதல் சொல்லாமல் 'முடியாது' என்று ஒப்புக்கொண்டதும் பிடிக்கிறது. அதற்குப் பிறகுதான் முருகனைப் பார்க்கத் திரும்பவும் திருச்செந்தூர் போனேன். ஒன்றும் கேட்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

இதுவரை என்னைப் பற்றியே எழுதிவிட்டேன். உண்மையில் என்னைவிட அதிகம் இழந்தது அம்மா.

பதினாறாம் நாள் காலையில் உறவுக்காரப் பெண்கள் அம்மாவை உட்கார வைத்துப் பூவையும் பொட்டையும் எடுக்க வந்தார்கள். என் அக்கா குறுக்கே நின்று, "எங்கம்மா நெத்தியில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்றாள். அத்தை ஒருத்தி இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. பொட்டு நின்றது. ஆனால் அம்மா தானாகவே சாப்பாட்டை விட்டுவிட்டாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய சோறு ஒரு பிடி, அல்லது ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு ஒரு டம்ளர் காப்பி. வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால் "யாருக்குப் பெறவு நான் சாப்பிடணும்?" என்பாள். நாற்பது வருஷம் அப்பா சாப்பிட்ட பிறகே சாப்பிட்டவள்.

புறநானூறு 248, ஒக்கூர் மாசாத்தனார் பாடியது, ஏழெட்டு வரிகூட இல்லாத பாட்டு. சின்ன வெள்ளாம்பல் பூவைப் பார்த்து ஒரு கைம்பெண் 'அளிய தாமே' என்று இரங்குகிறாள். இளமையில் அதன் தழையை உடுத்தினாள். இப்போது கணவன் செத்த பிறகு, 'பொழுது மறுத்து' வேளை கெட்ட வேளையில் அதன் விதையான அல்லி அரிசியை உண்கிறாள். அவ்வளவுதான் செய்தி. தன்னைப் பாவம் என்று அவள் சொல்லவில்லை, குளத்துப் பூவைப் பாவம் என்கிறாள். எனக்கு இதைவிடத் துக்கமான தமிழ்ப் பாட்டு தெரியாது. கைம்பெண்ணின் வயிற்றை இந்தச் சமூகம் எவ்வளவு காலமாகக் கட்டிப் போட்டிருக்கிறது என்பதற்கும் அது சாட்சி. இது பண்பாடு என்று யாராவது பெருமை பேசினால் இந்தப் பாட்டை ஒருமுறை படித்துவிட்டு வரச் சொல்வேன்.

இன்னொன்று 256. எழுதியவர் பெயர் தெரியவில்லை. வழியில் கணவனை இழந்த பெண் குயவனிடம் பேசுகிறாள். 'கலம்செய் கோவே' என்று திரும்பத் திரும்ப அழைக்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட 'சிறுவெண் பல்லி' போல அவனோடு பல காடு கடந்து வந்தேன், எனக்கும் இரங்கு, ஈமத் தாழியைக் கொஞ்சம் அகலமாக வனை என்கிறாள். சொர்க்கம், மறுபிறவி எதையும் அவள் கேட்கவில்லை. பானை அகலமாக இருந்தால் போதும்.

எங்கள் தொழுவத்தில் அப்பாவின் பழைய வண்டிச் சக்கரம் சாத்தி வைத்திருக்கிறது. அதற்கு முன் உட்கார்ந்து அம்மாவுக்கு இந்தப் பாட்டை வாசித்துப் பொருள் சொன்னேன். கூடச் சாவதை உயர்வாகச் சொல்கிறேனோ என்று நடுவில் பயமாகவும் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

இப்படிப்பட்ட பழைய ஈமத் தாழிகள் மண்ணுக்குள் கிடக்கும் ஆதிச்சநல்லூர் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். சின்ன வயசில் ஆச்சி அந்தத் தாழிகளுக்கு ஒரு கதை சொல்வாள். அந்தக் காலத்து ஆட்களுக்குச் சாவே வராதாம், வயசாகச் சுருங்கிச் சுருங்கி விளக்கு மாடத்தில் வைக்கிற அளவு ஆகிவிடுவார்களாம், கடைசியில் சோறும் தண்ணியும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்களாம். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா அங்கே 1899 முதல் சில வருஷம் தோண்டியபோது தாழிகளோடு இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. 2004-05இல் தொல்லியல் துறை தோண்டியபோது 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். செத்தவருக்கு வழியில் பசிக்கும் என்று யாரோ நெல் வைத்திருக்கிறார்கள். ஆச்சி சொன்னதில் சோறு மட்டும் நிஜம்.

போன தை மாதம் அம்மாவை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப் போனேன். தாழிகள் இருக்கும் குழியின் மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதன் மேல் நிற்க அம்மாவுக்கு மனசு வரவில்லை, ஓரத்தில் குத்தவைத்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்து வாயகலத்தை அளப்பது போலக் காட்டினாள்.

"அவ கேட்டது சரிதாம்லே. இது ஒருத்தருக்கே காணாது."

பாட்டை அவள் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் பேச வரவில்லை. திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். அம்மா வெயிலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மணி ஒண்ணாச்சில்லா, பசிக்கி. எங்கயாவது சாப்பிட்டுட்டுப் போவமா?"