லிட்டில் மோர்ட்டன் ஹால் இவ்வளவு கோணலாக இருந்தும் ஏன் விழவில்லை?

கோணலுக்குக் காரணம் தலைப்பாரம். இங்கிலாந்தின் செஷயரில், அகழி சூழ நிற்கும் இந்த ட்யூடர் (16ஆம் நூற்றாண்டு அரச வம்ச) காலத்து மர மாளிகையை மோர்ட்டன் குடும்பம் 1504 வாக்கில் தொடங்கி, நூறு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக் கட்டியது. படங்களில் நெளிந்து தெரிவது 1560களின் தொடக்கத்தில் எழுந்த தெற்குப் பகுதி. அதன் உச்சியில் ஏறத்தாழ 21 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடத்தை ஏற்றினார்கள். முதல் திட்டத்திலேயே அது இருந்ததாகத் தெரியவில்லை. போதாக்குறைக்குக் கூரையில் கனத்த மணற்கல் பலகைகள். கூடத்தைச் சுற்றி முழு நீளத்துக்கும் சன்னல்கள் வேறு. சாய்வுத் தாங்குகட்டை வைக்க இடமே இல்லை. கீழ்த்தளங்கள் பிதுங்காமல் என்ன செய்யும்?

விழாமல் நிற்பது இணைப்புகளால். ஓக் மரம் காய்ந்தால் உளி எளிதில் இறங்காது என்பதால் பச்சையாகவே இழைப்பார்கள். ஒரு மரத்தின் நுனியில் கழுந்து, அதாவது நீட்டிய நாக்கு; மற்றதில் அது நுழையும் துளை. இரண்டையும் கோக்கும் மர ஆணிக்கான ஓட்டைகளை நேருக்கு நேர் போடாமல் சில மில்லிமீட்டர் தள்ளிப் போடுவதில்தான் சூட்சுமம். காய்ந்த ஓக் ஆணியை அடிக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். பச்சை மரம் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. அதனால் மரச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஆனால் இணைப்பு எளிதில் கழலாது. பாரம் முழுக்கச் சட்டத்தின் மேல்தான். நடுவில் இருக்கும் வரிச்சும் களிமண்ணும் வெறும் அடைப்பு.

இத்தகைய வீடுகளுக்கு எமன் கோணல் அல்ல, சிமெண்ட். விரிசலை சிமெண்டால் பூசினால், மரம் அசையும்போது ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும். அதில் இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி அடிச்சட்டத்தில் தேங்கி, கழுந்தை உளுத்துப்போக வைக்கும். சுண்ணாம்புக் காரை என்றால் ஈரம் ஆவியாகிவிடும்.

மாளிகை 1938இல் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் வந்தது. தெற்குப் பகுதியின் கூரைக் கற்கள் பிடிப்பு விட்டிருப்பது 1977இல் தெரியவந்து, பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள். அப்போது புதிதாகச் செருகிய மரங்களுக்குக் கறுப்பு பூசவில்லை. அதுதான் சரி, மரத்துக்குக் கறுப்பும் சுவருக்கு வெள்ளையும் பூசுவதே 19ஆம் நூற்றாண்டின் விக்டோரியா காலத்து ரசனை, ட்யூடர் தச்சர்கள் ஓக்கை வெறுமனே விட்டுவிடுவார்கள். முற்றத்துப் பக்கம் போனால் சன்னலுக்கு மேலே பாருங்கள்: 1559இல் அதைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேல் தன் பெயரைச் செதுக்கியிருக்கிறார், எழுத்துப்பிழையோடு.