வளைந்த படிகத்தால் கற்றையை வெளியே எடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: வளையத்தில் சுற்றும் புரோட்டான் கற்றையை வெளியே திருப்பக் காந்தம் இருக்கும்போது, வளைந்த சிலிக்கான் படிகத் துண்டு எதற்கு சார்?

பதில்: இடம் மிச்சம். செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி துகள் முடுக்கியில் சோதித்த படிகத்தின் நீளம் 4 மி.மீ., வளைவு 50 மைக்ரோரேடியன் (ரேடியன் கோணத்தில் பத்து லட்சத்தில் 50 பங்கு). 6.5 டெரா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானை அதே தூரத்தில் காந்தத்தால் அவ்வளவு திருப்ப 270 டெஸ்லா காந்தப்புலம் வேண்டும். அங்குள்ள பெரிய காந்தங்களே 8.3 டெஸ்லாதான்.

கேள்வி: எந்தக் கோணத்தில் நுழைந்தாலும் புரோட்டான் படிகத்தின் அணுத் தளங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, வளைவோடு திரும்பிவிடுமா?

பதில்: மாட்டாது. அணுத் தளங்களுக்கு நடுவே உள்ள மின்னழுத்தக் குழியின் ஆழம் ஏறத்தாழ 20 எலக்ட்ரான் வோல்ட்தான். 70 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் தளத்தோடு 24 மைக்ரோரேடியன் கோணத்துக்குள் வர வேண்டும், 6.5 டெராவில் வெறும் 2.5.

கேள்வி: என் சிமுலேஷனில் பாதிக்கும் குறைவாகத்தான் வெளியேறுகிறது. படிகத்தை நீளமாக்கலாமா?

பதில்: குறையுங்கள்! படிகத்தை மட்டும் கணக்கிட்டிருக்கிறீர்கள், வளையத்தை விட்டுவிட்டீர்கள். முதல் முறை மாட்டாத புரோட்டான் லேசாகச் சிதறி, வளையத்தைச் சுற்றித் திரும்பவும் படிகத்துக்கே வரும். படிகம் நீளமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அணுக்கருவில் மோதி அழியும் வாய்ப்பு கூடும், சிதறலும் பெரிதாகும். 1990களில் செர்னின் எஸ்பிஎஸ் முடுக்கியில், 120 ஜிகாவில், சில செ.மீ. நீளப் படிகங்கள் 10–20 சதவீதப் புரோட்டான்களைத்தான் வெளியே தந்தன. ரஷ்யாவின் புரோத்வினோவில், யு-70 முடுக்கியில், 2 மி.மீ. அளவுள்ள படிகம் 85 சதவீதத்தைத் தொட்டது. குட்டைப் படிகம் நல்லது என்று பிர்யுகோவ் போன்ற இயற்பியலாளர்களின் கணக்குகள் முன்பே காட்டியிருந்தன.

ஆகவே படிகத்திலிருந்து வெளிவரும் இடத்தையும் கோணத்தையும் வளையத்தின் அணிக்கு (மேட்ரிக்ஸ்; ஒரு சுற்றுக்குப் பின் துகள் எங்கே வரும் என்று கணக்கிடுவது) கொடுத்து, மறுபடி படிகத்துக்குள் விடுங்கள். எலக்ட்ரான், அணுக்கரு இரண்டின் சிதறலும் வேண்டும். அப்புறம், சிமுலேஷனின் படி அளவைக் கவனியுங்கள்: 70 ஜிகாவில் தளங்களுக்கு நடுவே புரோட்டானின் ஓர் ஊசலாட்டமே சுமார் 25 மைக்ரோமீட்டர்தான். 10 மைக்ரோமீட்டர் படி வைத்தால் வருவது இயற்பியல் அல்ல, குப்பை.

கேள்வி: எலக்ட்ரான் கற்றைக்கு மின்சுமையின் குறியை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. எலக்ட்ரானை அணுத் தளமே இழுக்கும். கருக்களுக்கு அருகிலேயே ஓடிச் சீக்கிரம் சிதறிவிடும். கதிர்வீச்சு இழப்பையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: கோண வரைபடத்தில் வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்ன மேடு வருகிறது. பிழையா அண்ணா?

பதில்: அழித்துவிடாதீர்கள். தாராத்தின், வொரொபியேவ் என்ற இயற்பியலாளர்கள் 1987இல் கணினியில் கண்டது இதுவாகத்தான் இருக்கும்: மாட்டாத துகள் வளைந்த தளத்தில் பட்டு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. 2006இல் செர்னில் 400 ஜிகாவில் அளந்தபோது விலகல் சுமார் 14 மைக்ரோரேடியன். உங்கள் நிரலில் அதே ஆற்றலை வைத்து ஓட்டி, இந்த எண் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.