மைக் பிடித்துக்கொண்டு ஓடத்தான் படிக்கணுமா?

அண்ணே, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை லைப்ரரியில் மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்தபோது, பத்திரிகை வேலைக்குப் படிக்க ஆசைப்படுகிற உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பாதிதான் பதில் சொன்னேன். உங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் பி.காம். சீட் கிடைக்குமா என்ற ஒரே கவலை, பேச நேரமில்லை. மீதியை எழுதுகிறேன். உங்களைப் போல யோசிக்கிற அப்பா அம்மா இந்தப் பக்கம் நிறைய இருப்பதால் பொதுவிலேயே போடுகிறேன். உங்கள் பெயரையும் பாப்பா பெயரையும் எடுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது இது: "இன்னா சார், பிளஸ் டூவுல நல்ல மார்க் எடுத்துட்டு, கட்சிக்காரன் பின்னாடி மைக்க புடிச்சிக்கினு ஓடறதுக்கா படிக்கணும்? இவ எதுனா எழுதி, எவனாவது வீட்டாண்ட வந்து நின்னா இன்னா பண்றது? நமக்கும் அரசியலுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன்.

2023 டிசம்பர் நினைவிருக்கும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர் எல்லாம் கருப்பு. அதை ஊருக்குக் காட்டியதில் மீனவர்கள் கையிலிருந்த போனுக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கெட்டாலும் குவளையாலும் அவர்கள் எண்ணெய் அள்ளிய படங்கள் பேப்பரில் வந்தன, டிவியில் வந்தன. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. படம் வெளியே போகாமல் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் அதிகாரிகள் படகேறியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே மாதம் உங்கள் ஐஸ் வியாபாரம் என்ன ஆனது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். "எண்ணூர் மீன வுடு சார், காசிமேட்டு மீனையே எவனும் தொடல." ஏதோ ஒரு வீடியோ சுற்றியது, எந்தக் கடல், எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியாது. நடுக்கடலில் ஒரு வாரம் தங்கிப் பிடித்து வந்த வஞ்சிரத்துக்கும் அந்தக் கழிமுகத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அண்ணா நகரில் வீடியோ பார்த்தவருக்கு எல்லாம் 'எண்ணெய் மீன்' தான். மீன் விலை போகவில்லை என்றால் ஐஸை யார் கேட்பார்? ஒரு போன் தீர்ப்பாயத்தைக் கூட்டி வந்தது. இன்னொரு போன் உங்கள் ஐஸைக் கரைத்தது. பாப்பா படிக்க ஆசைப்படுவது இந்த விஷயத்தைத்தான் அண்ணே.

இதை வகுப்பில் வேறு பெயரில் சொல்லித்தருவார்கள். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு பேராசிரியர்கள் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத நூறு பேரிடம் கேட்டார்கள்: எது நாட்டின் முக்கியப் பிரச்சினை? அவர்கள் சொன்ன வரிசையும் பத்திரிகை, டிவி இடம் கொடுத்திருந்த வரிசையும் அநேகமாக ஒன்றாகவே இருந்தன. பத்திரிகை படித்துவிட்டு யாரும் ஒரே ராத்திரியில் கட்சி மாறுவதில்லை. ஆனால் எதைப் பற்றிப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்பது அங்கேதான் முடிவாகிறது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு எத்தனை வருஷமாகப் புகைகிறது? முதல் பக்கத்துக்கு எத்தனை முறை வந்தது?

வந்தாலும் எந்தப் பெயரில் வருகிறது என்பது அடுத்த விஷயம். குடிதண்ணீர் வரவில்லை என்று பெண்கள் காலிக் குடத்தோடு நெடுஞ்சாலையில் உட்காருகிறார்கள். மறுநாள் தலைப்பு: 'சாலை மறியல், போக்குவரத்து பாதிப்பு, பொதுமக்கள் அவதி.' பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் பொதுமக்கள். ரோட்டில் உட்கார்ந்திருப்பவர்? இந்த ஒரு தலைப்பைப் பற்றியே பாப்பாவும் நானும் கால்மணி நேரம் பேசினோம். நீங்கள் அப்போது வண்டியை ஓரமாக நிறுத்தப் போயிருந்தீர்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் செய்திருக்கிறேன். இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் ஒரு நாளிதழில் சப்-எடிட்டர், இரவு டெஸ்க்; அதாவது வந்த செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடுகிற வேலை. வியாசர்பாடியில் தண்ணீர் லாரி வரிசையில் குடம் வைப்பதில் இரண்டு குடும்பத்துக்குள் கைகலப்பு. நாலு வரிச் செய்தி. பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நேரம். 'குடம் வைப்பதில் தகராறு' என்று அடித்தேன், ஒற்றைப் பத்தி அகலத்தில் அடங்கவில்லை. அழித்துவிட்டு 'ரவுடிகள் மோதல்' என்று போட்டேன். அழகாக அடங்கியது. மூன்று நாள் கழித்து அந்தத் தெருப் பையன் ஒருவன் பேப்பரை எட்டாக மடித்து எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தான். வேலைக்கு இன்டர்வியூ போன இடத்தில் தெரு பெயரைக் கேட்டுவிட்டு, "அங்க ஏதோ ரவுடி சண்டையாமே?" என்று சிரித்தார்களாம். கத்தவில்லை அவன். "எங்க அம்மா சார் அது, கொடம் வச்சது" என்று மட்டும் சொன்னான். திருத்தம் போடலாமா என்று உள்ளே கேட்டேன். நாலு வரிக்கு மறுப்பா என்றார்கள். வரவில்லை.

அந்த டெஸ்க்கில் அன்று இருந்த ஏழு பேரில் ஒருவர்கூட பேசின் பிரிட்ஜுக்கு இந்தப் பக்கம், வட சென்னையில், வசித்தவர் இல்லை, என்னையும் சேர்த்து. ஒருவர் இருந்திருந்தால் 'குடம்' என்ற சொல்லுக்கு இடம் கண்டுபிடித்திருப்பார். உங்கள் மகள் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொழிலும் அரசியலும் இந்த ஏரியாவுக்குப் புதிதே இல்லை. 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சங்கம் கட்டியபோது முன்னால் நின்ற திரு.வி.க. 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர். 1949இல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், மழையில், தி.மு.க. தொடக்கக் கூட்டத்தில் பேசிய அண்ணா 'திராவிட நாடு' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தவர். அப்புறம் தெருவுக்குத் தெரு படிப்பகம். உங்கள் அப்பா காலத்தில் ஒருவர் உரக்கப் படிப்பார், நாலு பேர் கேட்பார்கள். அதில் ஒரு வசதி இருந்தது: படிக்கிறவர் கதை விட்டால், "அட போய்யா, நான் அங்கதான் இருந்தேன்" என்று சொல்ல பெஞ்சில் ஒருத்தர் இருப்பார். இப்போது ஆளுக்கு ஒரு போன். உங்களுக்கு வருவது எனக்கு வராது, எனக்கு வருவது உங்களுக்கு வராது. "அட போய்யா" சொல்ல ஆளில்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இது சட்டென்று புரியும். பேப்பர் விற்கிற விலை காகிதத்துக்கும் அச்சு மைக்கும் ஆள் சம்பளத்துக்கும் போதாது. மீதி விளம்பரத்தில் வருகிறது, அரசு விளம்பரமும் சேர்த்து. அதனால் யாரைக் கோபப்படுத்தலாம், யாரைக் கூடாது என்பது டெஸ்க்கில் எழுதாத சட்டம். தேர்தல் சமயத்தில் விளம்பரமே செய்தி வேஷத்தில் வரும். பத்திரிகைகளைக் கண்காணிக்கிற பிரஸ் கவுன்சில் 2010லேயே இந்த 'காசுக்குச் செய்தி' பற்றி விசாரித்து அறிக்கை தயாரித்தது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் டிவியில் பிரசாரம் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆவது பிரிவு சொல்கிறது. அச்சுப் பத்திரிகை அந்தப் பிரிவுக்குள் வரவில்லை. முன் அனுமதி வாங்கிவிட்டால் ஓட்டுப் போடும் நாள் காலையில்கூட முதல் பக்கம் முழுக்க விளம்பரம் வரலாம். யூடியூப் பக்கம் வேறு கணக்கு. எத்தனை பேர் தொட்டார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள். கோபம் வந்தால் மனிதன் நிற்கிறான். அதனால்தான் சிவப்பு அம்புக்குறியும் 'உள்ளே நடந்தது என்ன?' தலைப்பும். உள்ளே ஒன்றும் நடந்திருக்காது.

இப்போது உங்கள் இரண்டு பயம்.

சம்பளம்: முதல் இரண்டு மூன்று வருஷம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். பல இடங்களில் உங்கள் ஐஸ் உடைக்கிற தம்பி எடுப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் மைக் பிடிக்கிற வேலை மட்டும்தான் ஊடகம் என்று நினைக்காதீர்கள். டெஸ்க் இருக்கிறது, மொழிபெயர்ப்பு இருக்கிறது, பட்ஜெட்டையும் புள்ளிவிவரத்தையும் பிரித்துப் படிக்கிற வேலை இருக்கிறது. அரசு வேலை வேண்டும் என்றால் செய்தி மக்கள் தொடர்புத் துறை, மத்தியில் யு.பி.எஸ்.சி. எழுதிப் போகிற இந்தியத் தகவல் பணி. அப்புறம் உண்மை சரிபார்ப்பு. 2018இல் 'பிள்ளை பிடிக்கிறவன்' என்ற வாட்ஸப் வதந்தியில், நம்ம ஊரிலிருந்து வடக்கே இருக்கிற பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்றே விட்டார்கள். அந்த வருஷம்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுவுக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி வாட்ஸப் கட்டுப்படுத்தியது. இந்த மாதிரி வதந்தியை வந்த அன்றைக்கே பிடித்து நிறுத்தப் படித்த ஆள் தேவைப்படுகிறார்கள்.

பாதுகாப்பு: வீட்டாண்ட வந்து நிற்பதைவிட, பெண் நிருபர்களைப் போனில் அசிங்கமாகத் திட்டுவதுதான் இன்று அதிகம். அதற்கு அவள் தயாராக வேண்டும், நீங்களும்தான். அன்றைக்கு "சொன்னேன்ல" என்று ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டாள்.

ஒன்றில் மட்டும் நான் கறார். தேர்தல் நெருங்கினால் ஏதாவது ஒரு கட்சி ஐ.டி. அணிக்கோ, தேர்தல் வேலை பார்க்கிற கம்பெனிக்கோ 'கன்டென்ட் எழுத' கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். கையில் காசும் வரும். படிப்பு முடிகிறவரை வேண்டாம். எந்தக் கட்சி என்பது இல்லை பேச்சு. பதினெட்டு வயதில் ஒரு பக்கத்துக்காக மட்டும் எழுதிப் பழகினால் அடுத்த பக்கத்தைப் பார்க்கிற கண் போய்விடும். தேர்தல் முடிந்த மறுநாள் அந்த வாட்ஸப் குழுவே கலைந்துவிடும், அது வேறு.

படிப்பு: யாரோ சொன்னார்கள் என்று லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியார் கல்லூரி விஸ்காமில் போடாதீர்கள். விஸ்காம் கேமராவும் வடிவமைப்பும் கலந்த படிப்பு. நல்ல படிப்புதான், ஆனால் பாப்பா கேட்பது அது இல்லை. அவள் காமர்ஸ் குரூப். பாரதி மகளிர் கல்லூரியோ வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியோ, அரசு கலைக் கல்லூரியில் பி.காம். அல்லது பொருளாதாரம் எடுக்கட்டும். மாநகராட்சி பட்ஜெட்டைப் படிக்கத் தெரிந்த நிருபருக்கு எங்கேயும் கிராக்கி. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். அதை அவள் கணக்கிலேயே விடுங்கள், ஐஸ் பாரில் சேர்க்காதீர்கள். நடுவில் விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். மேற்படிப்புக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை இருக்கிறது. தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது. கட்டணம் கனம், உதவித்தொகை கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். ஆங்கிலம் வேண்டும், தப்பிக்க முடியாது. தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டப் பழகட்டும். போனில் 'வணக்கம்' என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிற பழக்கம் டெஸ்க்கில் ஓடாது.

இதெல்லாம் அவளுக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பதினைந்து நாள், தினமும் மூன்று தமிழ்ப் பேப்பர், ஒரு பள்ளிக்கூட ஸ்கேல். மூலக்கடையிலிருந்து எண்ணூர் வரை நம்ம பகுதிச் செய்தி எது வந்தாலும் எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், தலைப்பில் என்ன வினைச்சொல், யார் பேசுகிறார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். 'உயிரிழந்தார்' என்று ஒரு பேப்பர், 'அடித்துக் கொலை' என்று இன்னொன்று போட்டால் இரண்டையும் குறிக்க வேண்டும். ஐந்தாம் நாள் அலுத்துவிட்டால் பி.காம். முடித்து வங்கித் தேர்வு எழுதட்டும், நானே புத்தகம் தருகிறேன். அலுக்காவிட்டால் நீங்கள் வழிவிட வேண்டும்.

மூன்று பேப்பருக்கும் காசை நீங்கள் கொடுங்கள் அண்ணே. டீக்கடைப் பேப்பரில் ஸ்கேல் வைத்தால் விரட்டுவார்கள். பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு நோட்டோடு அனுப்புங்கள். நீங்களும் வரலாம்; அவளிடம் கேட்கிற கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும். ஐஸ் வண்டியை மட்டும் லைப்ரரி வாசலில் விடாதீர்கள். போன வாரம் படிக்கட்டு வரைக்கும் தண்ணீர் என்று லைப்ரரிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.