பெடல் அதிர்ந்தால் காலை எடுக்காதீர்கள்: கார் பாதுகாப்பு கேள்வி – பதில்

மழையில் பைபாஸில் மாடு குறுக்கே வர, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பெடல் கடகடவென்று அதிர்ந்து காலைத் தள்ளியது. பயந்து காலை எடுத்துவிட்டேன். பிரேக்கில் கோளாறா?
— திண்டிவனம் வாசகர்

கோளாறு இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்தது. நீங்கள் காலை எடுத்ததுதான் ஆபத்து. சக்கரம் இறுகி நின்றுவிட்டால் டயர் வழுக்கும். அப்போது ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் நேரேதான் போகும். எந்தச் சக்கரம் இறுகப் பார்க்கிறது என்பதைச் சக்கர சென்சார்கள் சொல்ல, அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை மட்டும் ஏபிஎஸ் நொடிக்குப் பலமுறை விட்டுப் பிடிக்கிறது. உங்கள் காலில் தெரிந்த அதிர்வு அதுதான்.

முழு பலத்தோடு மிதியுங்கள்; வண்டி நிற்கும்வரை விடாதீர்கள்; காலியாக இருக்கும் பக்கம் பார்த்து அளவாகத் திருப்புங்கள். பழைய வண்டிகளில் பழகிய ‘விட்டு விட்டு மிதிப்பது’ இதில் நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடும். ஆளில்லாத மைதானத்தில், ஈரத் தரையில், 40 கி.மீ. வேகத்தில் இரண்டு முறை மிதித்துப் பாருங்கள். அடுத்த முறை கால் மிரளாது.

மணலிலும் சரளையிலும் மட்டும் ஏபிஎஸ் வண்டி சற்றுத் தள்ளித்தான் நிற்கும். டயர் தேய்ந்திருந்தால் எந்தக் கருவியும் கை கொடுக்காது. டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. வரை குறையச் சட்டம் அனுமதித்தாலும், மழைக்காலத்துக்கு முன் 3 மி.மீ. ஆழம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இக்னிஷன் போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. பெரும்பாலும் சக்கர சென்சாரில் சேறு அடைத்திருக்கும், அல்லது ஒயரை எலி கடித்திருக்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள். முதலில் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், ஈரம் ஏறிய ஆயில் கொதித்துக் குமிழி விடும். பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் குறைந்த கியரில் வாருங்கள்.

ஆறு ஏர்பேக் உள்ள கார். பிறகு பெல்ட் எதற்கு? சத்தம் வராமலிருக்க பக்கிளில் கிளிப் செருகி வைத்திருக்கிறேன்.
— நாகர்கோவில் வாசகர்

இன்றே அந்தக் கிளிப்பைக் கழற்றிப் போடுங்கள். ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல. மோதலில் பை சுமார் 30 மில்லி நொடியில் விரிகிறது. பெல்ட் போட்டவர் அது விரிந்து முடிந்த பிறகு அதில் சாய்கிறார். போடாதவர் பிரேக் பிடிக்கும்போதே முன்னால் சரிந்துவிடுவதால், விரிந்துகொண்டிருக்கும் பை அவர் முகத்திலும் கழுத்திலும் அறைகிறது. உயிரே போகலாம்.

ஸ்டீயரிங் நடுப்பகுதிக்கும் மார்புக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அந்தத் தையல் பகுதியை மூடும் சீட் கவர் போடாதீர்கள். முன்பக்க இரும்பு கார்டும் வேண்டாம்: மோதலின் விசை சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தையே அது மாற்றிவிடும், நடந்துபோகிறவர்களுக்கும் எமன். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதைத் தடுத்துவிட்டது. பின்சீட்டில் இருப்பவருக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம். அவர் பெல்ட் போடாவிட்டால் முன்னால் இருப்பவர் முதுகில்தான் வந்து மோதுவார்.

பழைய கார் வாங்கப்போகிறேன். ஏர்பேக் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— தர்மபுரி வாசகர்

ஓட்டுநர் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானதே 2019 ஜூலை 1 முதல்தான். அதற்கு முந்தைய வண்டியில் இல்லாமலும் இருக்கலாம். ஸ்டீயரிங்கில் ‘ஏர்பேக்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம்: விபத்தில் பை வெடித்த பிறகு புதிது மாட்டாமல் பல்பைப் பிடுங்கியிருக்கலாம், அல்லது வேறு விளக்கோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம். வண்டியின் கோளாறுகளைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். விட்டால் தானாகச் சுருள வேண்டும்.

முன்கண்ணாடி மாற்றியதிலிருந்து லேன் எச்சரிக்கை தப்பாக வருகிறது.
— கோவை வாசகர்

லேன் எச்சரிக்கை தரும் அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு) கேமரா அந்தக் கண்ணாடியில்தான் ஒட்டியிருக்கிறது. அது ஒரு டிகிரி திரும்பினாலும் 50 மீட்டருக்கு அப்பால் கிட்டத்தட்ட 90 செ.மீ. பிசகும், தானாகப் பிடிக்கும் பிரேக்கும் தவறாகக் கணிக்கும். சர்வீஸ் சென்டரில் கேலிப்ரேஷன், அதாவது கேமராவின் பார்வையைச் சரியாக நேர்படுத்தும் வேலையைச் செய்யச் சொல்லுங்கள். கண்ணாடிக்கான பில்லிலேயே அது தனி வரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

ஒன்றரை வயதுக் குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளலாமா?
— மன்னார்குடி வாசகி

கூடவே கூடாது, அம்மா. 50 கி.மீ. வேக மோதலில், காரின் முகப்பு அரை மீட்டர் நசுங்கி நின்றால், 10 கிலோ குழந்தை சுமார் 200 கிலோ விசையோடு உங்கள் கையிலிருந்து பறந்துவிடும். எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. பின்சீட்டில், பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை கார் சீட்டிலேயே இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்படி மாட்டுங்கள். பச்சை அடையாளம் தெரிய வேண்டும். பட்டைக்கும் குழந்தையின் தோள்பட்டைக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைய வேண்டும்.